‘மல்’: சென்னை மாகாண ஆங்கிலேயரைக் குறித்த கொச்சைச்சொல்லின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்
பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர், சென்னை மாகாணப் பணியிலிருந்த தம்மவரை ‘மல்’ என்று கேலியாக அழைத்தனர். ‘மிளகுத்தண்ணீர்’ என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து கிளைத்த இக்கொச்சைச்சொல்லின் தோற்றத்தையும் பொருளையும் வழக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மிளகுத்தண்ணீர், கொச்சை வழக்கு, கடன்சொல், ஹாப்சன்-ஜாப்சன், சென்னை மாகாணம்.

முன்னுரை
ஆங்கிலத்தில் கலந்த தமிழ்ச்சொற்களைப் பட்டியலிடும்போது கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர் போன்றவற்றையே பெரிதும் சுட்டுகிறோம். இவை பொருட்பெயர்கள், பொருளோடு சேர்ந்து சொல்லும் சென்றது. ஆனால் கடன்பெற்ற சொல்லை ஒரு மொழியினர் சுருக்கி, திரித்து, நகைச்சுவைக்கு ஆளாக்கும்போது, அச்சொல் அவர்களது அன்றாடப் பேச்சில் எவ்வளவு ஊன்றிவிட்டது என்பது புலப்படுகிறது. அவ்வகையில் ‘மல்’ தனித்த கவனத்துக்கு உரியது.

சான்றுகள்
இச்சொல்லுக்கான முதன்மைச் சான்று, ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியாகும். பர்னெல் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். 1882-இல் அவர் மறைந்தபின் யூல் பணியை நிறைவு செய்தார்.

இவ்வகராதி ‘மல்’ என்பதை ‘மல்லிகட்டானி’ என்பதன் சுருக்கமாகக் கொள்கிறது. 1837-ஆம் ஆண்டின் ஏசியாட்டிக் ஜர்னல் இதழிலிருந்தும், 1852-ஆம் ஆண்டின் நோட்ஸ் அண்ட் குவெரீஸ் இதழிலிருந்தும் மேற்கோள் தருகிறது. மூலச்சொல்லாகிய ‘மல்லிகட்டானி’க்கு அது காட்டும் பழைய சான்று, ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட கடற்படையினர் ஒருவர் பாடியதாக 1784-இல் பதிவான பாடல். அதில் இது விருந்துணவாக அன்றி, கஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் சிறையுணவாகவே வருகிறது. சிறையுணவின் பெயர் அரை நூற்றாண்டுக்குப்பின் அலுவலர்களின் பட்டப்பெயராக அச்சேறியிருப்பதை இச்சான்றுகளால் அறியமுடிகிறது.

ஒலி மாற்றம்
எழுத்து வழக்கில் ‘மிளகு’ எனினும் ஆங்கில வடிவின் முதலசையில் இகரம் இல்லை. பேச்சுத்தமிழில் மிளகு ‘மொளகு’ என்றும், மிளகாய் ‘மொளகா’ என்றும் ஒலிக்கின்றன. மகரத்துக்கும் ளகரத்துக்கும் இடைப்பட்ட உயிர் இதழ் குவிந்து ஒலிப்பதன் விளைவு இது. அவ்வாறே சொல்லிறுதியில் ‘தண்ணீர்’ என்பதன் ரகரமெய் காணப்படவில்லை. ‘தண்ணி’ என்னும் பேச்சு வடிவமே நிற்கிறது. எனவே ஆங்கிலேயர் இச்சொல்லை ஏட்டிலிருந்து பெறவில்லை. சமையற்கட்டிலும் கடைத்தெருவிலும் செவிவழியாகவே பெற்றனர் எனக் கொள்ளலாம்.

‘மிள’ என்பது தமிழில் தனிப்பொருள் தரும் பகுதி அன்று. சொற்பகுப்பை அறியாதார் முதலசையை மட்டும் வெட்டி எடுத்ததால் பிறந்ததே ‘மல்’. ஆகவே வேர் தமிழாயினும் ஆக்கம் ஆங்கிலக் கொச்சைக்கு உரியது.

பொருளும் வழக்கும்
இச்சொல் தனித்து நின்றதன்று. வங்காள மாகாணத்தார் ‘கோய் ஹை’ எனப்பட்டனர். பணியாளரை அழைக்க ‘யார் அங்கே’ என்னும் பொருளில் அவர்கள் எழுப்பிய குரலே பெயராயிற்று. பம்பாய் மாகாணத்தார் ‘டக்’ எனப்பட்டனர். ‘பம்பாய் டக்’ என்ற உலர்மீனின் பெயரால் அமைந்தது அது. வங்காளத்தாருக்கு ஏவல் குரலும், மற்ற இரு மாகாணத்தாருக்கு உணவும் அடையாளமாயின. சென்னையை ‘இருளில் மூழ்கிய மாகாணம்’ எனப் பிற மாகாணத்தார் எள்ளியதையும் அதே அகராதி பதிவு செய்கிறது. இவற்றை ஒருங்கே நோக்கின், ஆளும் வகுப்பினருக்குள்ளேயே நிலவிய மதிப்பு வேறுபாடு இப்பெயர்களில் படிந்துள்ளமை தெளிவாகும்.

இங்கு ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். ‘மல்’ என்பது தமிழரைக் குறித்த இழிசொல் என்று கொள்வது பொருந்தாது. அது குறித்தது சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயரை. ஆனால் அக்கேலி தமிழரைத் தீண்டவே இல்லை எனவும் கூறவியலாது. தமிழரின் உணவைப் பழகிக்கொண்டமையே நகைப்புக்குரிய அடையாளமாயிற்று. மல்லிகட்டானியைப் பற்றிய அகராதிப் பதிவு, சென்னையில் வாழ்ந்தோர் பெற்ற மேனி நிறத்தையும் வேடிக்கையாகச் சுட்டுவது இதனை உறுதிப்படுத்துகிறது.

1858-இல் கும்பினி ஆட்சி முடிவுற்றது. 1895-இல் மாகாணப் படைகள் ஒன்றிணைக்கப்பட்டன. மாகாணப் பிரிவுகளை அடியாகக் கொண்ட இத்தகைய பட்டப்பெயர்களின் சமூகத்தளமும் சுருங்கியது. உணவின் பெயர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்க, ‘மல்’ அகராதிச் சொல்லாக மட்டும் எஞ்சியது.

முடிவுரை
‘மல்’ என்னும் ஓரசைச்சொல், பேச்சுத்தமிழின் ஒலிப்பையும் மாகாணங்களுக்கிடையிலான போட்டியையும் ஒருங்கே பதிந்து வைத்துள்ளது. இந்த ஒலிப்பைக் காத்தவை நம் இலக்கியப் பிரதிகள் அல்ல. வேற்றுமொழியினரின் வேடிக்கைப் பேச்சு. கடன்சொல் ஆய்வுகள் கொச்சைச்சொற்களையும் சான்றாக ஏற்குமாயின், எழுத்தில் இடம்பெறாத தமிழ்ப்பேச்சின் வரலாற்றுக்கு மேலும் தரவுகள் கிடைக்கும்.