மொட்டை மாடியில கண்ணாடி ரூம் போடப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சுத்திலும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி, உள்ளே நாலு மணி பிளான்ட், ஒரு பிரம்பு நாற்காலி, கையில காபி... இன்ஸ்டா ரீல்ஸ்ல இதைப் பார்த்ததும் 'நம்ம வீட்டு மாடியிலும் ஒண்ணு போட்டா என்ன?'னு தோணும்.

தாராளமா போடலாம். ஆனா, 'கன்சர்வேட்டரி' எனப்படும் இந்த அறை குளிர் நாடுகளுக்காக உருவானது. வெயிலை உள்ளே பிடித்து வைப்பதுதான் அதன் வேலையே. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மாதிரி, கடலும் கழிமுகமும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் அதே டிசைனை அப்படியே இறக்கினால் மே மாதம் அடுப்பு, புயல் சீசனில் ஆபத்து. அதனால் கவனிக்க வேண்டியவை இவை.

1. கண்ணாடியா இருந்தாலும் அது 'ரூம்'தான்

கூரையும் சுவரும் வந்துவிட்டால் அது கட்டடம். 'கழட்டி மாட்டுறதுதானே, அப்ரூவல் எதுக்கு?'னு ஃபேப்ரிகேட்டர் சொன்னா நம்பிடாதீங்க. புதுச்சேரியில் 2012-ம் ஆண்டின் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. வேலையைத் தொடங்கும் முன், பழைய அப்ரூவ்டு பிளானோடு புதுச்சேரி திட்டக் குழுமத்தில் கேளுங்கள். வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்தாலும் விதிமீறல்தான்.

தேங்காய்த்திட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா? கழிமுகம், உப்பனாறு போன்ற இடங்களில் 2011 அறிவிக்கை 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இதில் எது குறைவோ அதை எல்லையாக வைத்தது. 2019 அறிவிக்கை 100-ஐ 50 மீட்டராக்கியது. உங்கள் சர்வே நம்பருக்கு எது பொருந்தும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

2. 180 கி.மீ காற்றுக்குத் தாங்குமா?

2011 டிசம்பர் 30-ல் 'தானே', 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்'. இரண்டுமே புதுச்சேரியை ஒட்டித்தான் கரையைக் கடந்தன. காற்று அழுத்தத்துக்கான ஐ.எஸ் 875 (பகுதி 3) தரநிலை, இந்தக் கடற்கரைக்கு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதாவது மணிக்கு 180 கி.மீ! கண்ணாடியின் தடிமனை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். ஃப்ரேமை கான்கிரீட்டில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். இல்லைன்னா, பறக்குற கண்ணாடி பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

3. பக்கத்துக்கு டஃபன்டு, தலைக்கு மேலே லேமினேட்டட்

சாதா கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி துண்டாகும். அதனால் இங்கே வேண்டவே வேண்டாம். டஃபன்டு கண்ணாடி சாதாவைவிட 4-5 மடங்கு உறுதி; உடைந்தால் கற்கண்டு மாதிரி சின்னச் சின்னதா உதிரும். ஆனா, கூரையில் இருந்து அப்படி மொத்தமா கொட்டினாலும் காயம்தான். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைந்தாலும் துண்டுகளை அது பிடித்துக்கொள்ளும். அதனால் கூரைக்கு லேமினேட்டட்தான்.

பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரநிலை ஐ.எஸ் 2553. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரையைத் தேடுங்கள். இன்னொரு விஷயம்: டஃபன் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ துளை போடவோ முடியாது. அளவு தப்பினால் முழுக் காசும் வேஸ்ட்.

4. காத்து போக வழி விடுங்க

மத்திய அரசின் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018', நம்மைப் போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள பகுதிகளில் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவிகிதம் திறக்கக்கூடிய ஜன்னல், கதவாக இருக்கச் சொல்கிறது. 120 சதுர அடி ரூமுக்கு 20 சதுர அடி. இது 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேலான மனைகளுக்கான விதி. ஆனாலும் சின்ன வீட்டுக்கும் நல்ல கணக்கு.

இன்னும் பெட்டர் ஐடியா: கண்ணாடிக் கூரையையே விட்டுவிட்டு, வெயில் புகாத கூரை போடுங்கள். வடக்குப் பக்கம் தாராளமா கண்ணாடி வையுங்கள். மேற்கில் குறையுங்கள்.

5. உப்புக் காத்தை மறக்காதீங்க

சாதா இரும்பு ஸ்க்ரூ இங்கே சீக்கிரமே துருப்பிடித்துவிடும். ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். ஃப்ரேமுக்கு நல்ல பவுடர் கோட்டிங் உள்ள அலுமினியம் ஓகே.

முதலில் அனுமதி, அடுத்து இன்ஜினீயர், கடைசியில்தான் கண்ணாடிக் கடை. இந்த வரிசை மாறாமல் இருந்தால், அடுத்த புயல் ராத்திரியிலும் நீங்க நிம்மதியா தூங்கலாம்... பக்கத்து வீட்டுக்காரரும்தான்!