முழங்கால் தைலம் பிறந்த கதை

குன்றத்தூர் முருகன் மலைப்படி ஏறி இறங்கிய இரவு, எங்கள் வீடு முழுக்க ஒரே வாசனைதான். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, ஊட்டியில் வாங்கிய சின்ன பாட்டிலைத் திறப்பார். சுள்ளென்று மூக்கில் ஏறும்; பாதி மிட்டாய், பாதி மருந்துக்கடை.

"யூகலிப்டஸ் தைலம்தானேம்மா?"

"அது சளிக்கு. இது வலிக்கு." லேபிளில் 'விண்டர்கிரீன்' என்றிருக்கும்.

யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். விண்டர்கிரீனோ நீலகிரிக் குளிரில் தானாக வளரும் புதர். மணி மணியாக வெள்ளைப் பூ, பிறகு கருநீலப் பழம்; பழத்தைத் தின்னலாம். தாவரவியல் பெயர் கால்தீரியா ஃபிராக்ரன்டிசிமா.

பெயரின் முதல் பாதி கனடாவில் பிறந்தது. 1749-இல் கியூபெக் போன பேர் கால்ம் என்ற தாவரவியலாளர், அங்கே தரையோடு தரையாக வளர்ந்து சிவப்புப் பழம் தரும் குட்டிச் செடியைப் பார்த்தார். ஊர் மருத்துவர் கோத்தியேயின் பெயரை அதற்குச் சூட்டினார். லின்னேயஸ் 1753-இல் அதைத் தன் நூலில் ஏற்றினார். நம் நீலகிரிப் புதர் அந்தச் செடியின் பங்காளி. புதுச்சேரியிலிருந்து 1819-இல் நீலகிரிக்குப் போன லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரும் ஒரு காலத்தில் இதோடு ஒட்டியிருந்தது.

இலையைச் சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, கசக்க வேண்டும். மணப்பொருள் இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து பூட்டிக் கிடக்கிறது. இலை நசுங்கி ஈரம் பட்டதும், இலையிலேயே இருக்கும் நொதி பூட்டைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் இலையைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, பிறகு காய்ச்சி வடிக்கிறார்கள். வடிந்து வரும் எண்ணெயில் ஏறக்குறைய எல்லாமே மெத்தில் சாலிசிலேட்தான். கால்ம் பார்த்த கனடாச் செடியின் எண்ணெயில் இதை 1843-இல் இனங்கண்டவர் பிரெஞ்சு வேதியியலர் காவூர். பின்னாளில் தொழிற்சாலையிலேயே செய்யக் கற்றார்கள். வலிக் களிம்புகளில் மணப்பது இன்று பெரும்பாலும் அந்தச் சரக்குதான்.

ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு இது. சுத்தமான எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வயிற்றுக்குள் போனால் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். மிட்டாய் வாசனைதானே என்று குழந்தை வாயில் ஊற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தேய்த்து முடித்ததும் அம்மா மூடியை இறுக்கித் திருகி, பேரன் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைப்பார். இலை போட்டிருந்த பூட்டை நாம் உடைத்துவிட்டோம். இனி அலமாரியைத்தான் பூட்ட வேண்டும்.