கொட்டைப்பாக்கின் கதை: தாம்பூலத் தட்டிலிருந்து மாத்திரை வரை

தமிழர் வீட்டில் வெற்றிலை பாக்கு இல்லாமல் நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. பெண் கேட்கப் போனாலும் சரி, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் சரி, தட்டில் முதலில் ஏறுவது அதுதான். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைக்கும் பாக்குக்கு 'அடைக்காயமுது' என்று பெயர். இந்த அடைக்காய்தான் மலையாளத்தில் 'அடக்க'. போர்ச்சுகீசியர் வாயில் அது 'அரெக்கா' ஆகி, 1753-ல் லின்னேயஸ் கமுக மரத்துக்கு வைத்த அரெக்கா கட்டேச்சு என்ற பெயரிலும் ஏறிக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை: 'கட்டேச்சு' என்பது காசுக்கட்டி. அது கமுகிலிருந்து வருவதல்ல, கருங்காலி மரத்திலிருந்து எடுப்பது. வெற்றிலையோடு இரண்டையும் சேர்த்து மெல்வதால் வந்த குழப்பம் தாவரவியல் பெயரிலேயே நிலைத்துவிட்டது!

பாக்கைப் பழைய வைத்தியர்கள் எதற்கெல்லாம் கொடுத்தார்கள்? சாப்பாட்டுக்குப் பின் எச்சில் ஊறவும் செரிக்கவும், ஈறு இறுகவும், வாய் நாற்றம் போகவும், எல்லாவற்றுக்கும் மேலாக வயிற்றுப் பூச்சி விழவும். சீன மருத்துவத்தில் நாடாப்புழுவுக்குப் பூசணி விதையோடு பாக்கைச் சேர்த்துக் கொடுப்பார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பாக்குப் பற்பசை பீங்கான் சிமிழ்களில் விற்றது. அந்தச் சிமிழ்களின் மூடிகளை இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அங்கே வீட்டு நாய்களுக்குப் பூச்சி மருந்தும் பாக்குத் தூள்தான்.

பூச்சி விழுந்ததற்குக் காரணம் 1888 வாக்கில் தெரிந்தது. யான்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பாக்கிலிருந்து அரெக்கோலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இது புழுவை மரக்கச் செய்யும், குடலையும் வேகமாக அசைக்கும். பழக்கமில்லாதவர் முற்றிய பாக்கை மென்றால் நெஞ்சை அடைத்து, குப்பென்று வியர்த்து, தலை சுற்றுமே, அதுவும் இதன் வேலைதான்.

இந்தப் பொருள் ஒரு தேசத்துக்கே உதவிய கதை நியூசிலாந்தில் நடந்தது. ஆடு வளர்ப்பவர்கள் அறுத்த ஆட்டின் குடல், ஈரலை நாய்க்குப் போடுவார்கள். அதிலிருந்து நாய்க்குச் சிறு நாடாப்புழு தொற்றும். அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வளரும். 1959-ல் இதற்கென்று தேசிய அளவில் ஒரு குழு அமைத்தார்கள். குறித்த நாளில் ஊர் நாய்களையெல்லாம் ஓரிடத்தில் வரிசையாகக் கட்டி அரெக்கோலின் கொடுப்பார்கள். நாய்க்குப் பேதியாகும். அதைச் சேகரித்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யாரும் விரும்பிச் செய்கிற வேலை இல்லைதான்! ஆனால் எந்தப் பண்ணை நாயிடம் புழு இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும், சொந்தக்காரரும் தப்பிக்க முடியாது. பின்னாளில் நல்ல மருந்துகள் வந்ததும் அரெக்கோலின் ஒதுங்கிக்கொண்டது. 2002-ல் நியூசிலாந்து அந்த நோயிலிருந்து தற்காலிகமாக விடுபட்டதாக அறிவித்தது.

இனி மறுபக்கம். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரின் வாயில் ஒரு புது நோயை விவரித்தார். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்பவரும் அதையே எழுதினார். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் போல் இறுகிவிடும். காரம் பட்டால் எரியும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போய், கடைசியில் ஒரு கவளம் சோறு வைப்பதே பாடாகும். பாக்கை நிறுத்தினாலும் இறுகிய சதை பழையபடி இளகுவதில்லை. சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறும்.

புகையிலை போடுகிறவர்களுக்குத்தானே இதெல்லாம், வெறும் பாக்கு என்ன செய்யும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1985-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்றது. புகையிலை சேராததற்கு ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டது. 2004-ல் வெளியான தொகுதியில் அந்த இடைவெளியும் அடைபட்டது: புகையிலை இல்லாத தாம்பூலமும், தனிப் பாக்குமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை. தமிழ்நாட்டில் 2013-ல் புகையிலை கலந்த குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை வந்தது. பெட்டிக்கடையில் தொங்கும் பாக்குப் பொட்டலத்தை 'புகையிலை இல்லை, ஒன்றும் செய்யாது' என்று வாங்கும் பள்ளிப் பையனுக்கு 2004-ல் வந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கைப்பேசியில் படம்பிடித்துப் போடும் கைவைத்தியக் குறிப்புகளில் 'ஒரு சிட்டிகை பாக்குத் தூள்' என்று வந்தால் தாண்டிப் போய்விடுவது நல்லது. பூச்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இருக்கிறது.

இத்தோடு பாக்கின் மருத்துவ வரலாறு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதுதான் ஆச்சரியம். பாக்கில் குவாசின் என்றும் ஒரு பொருள் உண்டு (குவாகம் என்பது பாக்குக்கு சமஸ்கிருதப் பெயர்). மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் இது தடுக்கிறது என்று 1975-ல் ஜான்ஸ்டன் குழுவினர் காட்டினார்கள். அந்த வழியிலேயே ஆராய்ச்சி நடந்து, டயாகாபின் என்ற வலிப்பு மருந்து 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அரெக்கோலினுக்கும் ஒரு வாரிசு பிறந்தது. அதன் மூலக்கூறை மாற்றி ஜனோமெலின் என்ற மருந்தை மறதி நோய்க்காக உருவாக்கினார்கள். 1997-ல் வெளிவந்த சோதனை முடிவில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: நோயாளிகளின் பிரமைகளும் சந்தேகங்களும் குறைந்திருந்தன. ஆனால் வாந்தி, வியர்வை, மயக்கம்... பாக்கு மென்றவர் படும் அதே அவஸ்தை! மருந்து பல வருடம் கிடப்பில் கிடந்தது. பிறகு டிராஸ்பியம் என்ற பழைய சிறுநீர்ப்பை மருந்தை அதோடு சேர்த்தார்கள். டிராஸ்பியம் மூளைக்குள் பெரும்பாலும் நுழையாது. அதனால் உடம்பில் நடக்கும் தொல்லையை மட்டும் தடுக்கும், மூளையில் நடக்கும் நன்மையில் கை வைக்காது. இந்தக் கூட்டு மருந்துக்கு மனச்சிதைவு நோய்க்காக 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. தினம் இரு வேளை போடவேண்டும். தாம்பூலம் போல் சாப்பிட்ட கையோடு அல்ல. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ.