உள்ளா, தெற்கா? ஒரு மங்கோலிய நிலத்தின் பெயர்ச் சிக்கல்

சீனாவின் வட எல்லையில் சுமார் 11.8 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தன்னாட்சிப் பகுதியை ‘உள் மங்கோலியா’ என்றே எழுதி வருகிறோம். புலம்பெயர்ந்த மங்கோலியச் செயற்பாட்டாளர்களோ ‘தெற்கு மங்கோலியா’ என்கின்றனர். முன்னது நடுநிலையான நிலவியற் பெயர், பின்னது அரசியல் முழக்கம் என்பது பொதுக் கருத்து. இதன் முற்பாதியை வரலாறு ஆதரிக்கவில்லை.

தென்பகுதி மங்கோலியப் பிரபுக்கள் 1636இல் மஞ்சு மன்னர் ஹொங் தைஜியைப் பேரரசராக ஏற்றனர். கோபிப் பாலைவனத்துக்கு வடக்கேயிருந்த கல்கா மங்கோலியர்கள் 1691இல்தான் தொலோன் நோரில் பணிந்தனர். முந்தியவர்களின் 49 கொடிகள் ‘உள் ஜசக்’ எனப்பட்டன. பிந்தியவர்கள் ‘வெளி ஜசக்’ ஆயினர். கொடி என்பது படைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் பொதுவான ஆட்சி அலகு. ஜசக் அதன் தலைவர். எனவே உள், வெளி என்பவை அரியணைக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்பதைக் குறித்த தரவரிசைச் சொற்களே.

இதற்கு வலுவான சான்று அலஷா பகுதி. கோபிக்குத் தெற்கே இருந்தும் மஞ்சுக்களின் சிங் வம்ச ஆட்சியில் அது ‘வெளி’ப் பட்டியலில்தான் இருந்தது. ஹூலுன்புயிர் பகுதி ஹெய்லோங்ஜியாங் படைத்தலைவரின் கீழ் இருந்தது. சாஹர் மங்கோலியர்களுக்கோ சொந்த ஜசக்கே இல்லை. அவர்கள் நேரடி ஆட்சியில் இருந்தார்கள். இவை எல்லாம் இன்று ஒரே ‘உள்’ மங்கோலியாவுக்குள் அடங்குகின்றன. 1947 மே 1 அன்று உலான்ஃபு தலைமையில் அமைந்த தன்னாட்சி அரசும், அதன்பின் பலமுறை திருத்தப்பட்ட எல்லைகளும் உருவாக்கிய அலகு இது.

‘தெற்கு’ மட்டும் துல்லியமா? இல்லை. இப்பகுதியின் வடமுனை வட அட்சம் 53 பாகையைத் தாண்டுகிறது. மங்கோலிய நாட்டின் வடமுனையே 52 பாகையைச் சற்றுதான் கடக்கிறது. ஆனால் மங்கோலியரின் திசையுணர்வு அட்சக் கோடுகளில் பிறந்ததன்று. அவர்களின் கூடாரமான கெர்ரின் வாசல் தெற்கு நோக்கும். உள்ளிருந்து வாசலை நோக்கி நிற்பவருக்கு முன்புறம் தெற்கு, பின்புறம் வடக்கு, வலக்கை மேற்கு. தன்னாட்சிப் பகுதியின் அதிகாரப்பூர்வ மங்கோலியப் பெயர் ‘ஒவொர் மங்கோல்’. ஒவொர் என்றால் முன்புறம், மலையின் தென்சரிவு. சீனப் பெயரில் உள்ள ‘உள்’ இங்கே இல்லை. முழக்கம் என ஒதுக்கப்படும் பெயரின் கருத்து அரசுப் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது! அதைப் படிப்பவர்கள்தான் குறைவு: 2020 கணக்கெடுப்பின்படி அங்குள்ள சுமார் 2.4 கோடிப் பேரில் மங்கோலியர் ஆறில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சுவர்.

2023 முதல் அப்பகுதி நிர்வாகம் ‘வட எல்லைப் பண்பாடு’ என்ற தொடரைப் பரப்பி வருகிறது. அதில் மங்கோலியர் என்ற சொல்லே கிடையாது. உள்ளா தெற்கா என்ற வழக்கைவிட இது கவலைக்குரியது.

1947க்குப் பிந்தைய நிர்வாக அலகைக் குறிக்க ‘உள் மங்கோலியத் தன்னாட்சிப் பகுதி’ என்று எழுதுவதில் பிழையில்லை. 1634இல் மறைந்த லிக்தான் கானை ‘உள் மங்கோலிய மன்னர்’ என்பது காலப்பிழை. அவரைத் தென் மங்கோலியர் என்பதே சரி.