லிட்டரலி

லண்டன் காரியாலயம் ஒன்றின் குமாஸ்தா தம் உத்தியோகத்தைப் பற்றிப் பேசுகையில், ‘நான் லிட்டரலி வேலையில் மூழ்கிப் போனேன்’ என்று சொல்வாரானால், அவர் கழுத்தளவு நீரில் நிற்கவில்லை என்பதைக் கேட்பவர் அறிவார், ஆயினும், எழுத்து என்று பொருள்படும் லத்தீன் மொழியின் ‘லிட்டெரா’விலிருந்து பிறந்து, அக்ஷரம் பிசகாமல் என்ற அர்த்தத்தோடு வழங்கிய அந்தச் சொல், மிகைக் கூற்றுக்கு அழுத்தம் தரும் சாதனமாக மாறியது நேற்றைய சங்கதி அன்று, 1769இல் வெளிவந்த பிரான்சஸ் புரூக்கின் நாவலிலேயே அந்தப் பிரயோகம் காணப்படுகிறது. பண்டிதர்கள் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அவர்களே கூசாமல் வழங்கும் ‘வெரி’யோ, மெய்யான என்ற பொருளுடைய லத்தீன் ‘வேருஸ்’ஸின் வம்சத்தில் உதித்து, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, நாளடைவில் சத்தியத்தைத் தொலைத்துவிட்டு, வெறும் ‘மிக’ என்ற அளவில் நின்றுவிட்டது. ‘ரியலி’யின் ஜாதகமும் ஏறக்குறைய இதுவே. மேலதிகாரியிடம் விடுமுறை கேட்கும்போது ‘களைத்திருக்கிறேன்’ என்பது மட்டும் எடுபடுவதில்லை. ‘ரியலி’, ‘வெரி’ இரண்டையும் முன்னால் அடுக்கினால்தான் அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்துகிறார்.