ஒரு சுல்தான், இருவகைக் கடிதங்கள்

திப்பு சுல்தானைப் பற்றி நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டில் ஒன்றைக் கேட்டே வளர்கின்றனர். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து வீழ்ந்த மாவீரர் என்பது ஒன்று. மதவெறி கொண்ட கொடுங்கோலர் என்பது மற்றொன்று. இரண்டுமே தீர்ப்புகள். தீர்ப்புக்கு முந்தைய சாட்சியங்களை நாம் மாணவர்முன் வைப்பதில்லை.

1791ஆம் ஆண்டு மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடினர். அதையறிந்து வருந்திய திப்பு, மடாதிபதிக்குக் கன்னடத்தில் கடிதம் எழுதினார். சாரதா தேவியின் திருவுருவை மீண்டும் நிறுவப் பொருளுதவியும் செய்தார். இக்கடிதங்களை 1916இல் மைசூர் தொல்லியல் துறை இயக்குநர் ஆர். நரசிம்மாச்சார் வெளிக்கொணர்ந்தார். நம் மேடைகளில் இவை தவறாமல் எடுத்துரைக்கப்படுகின்றன.

நாம் எடுத்துரைக்காத கடிதங்களும் உள்ளன. திப்புவின் பாரசீகக் கடிதங்கள் பலவற்றை மொழிபெயர்த்து, வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் லண்டனில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று கர்நூல் நவாப் ரன்மஸ்த் கானுக்கு எழுதப்பட்டது. குடகில் 40,000 பேரைச் சிறைப்பிடித்து இஸ்லாத்தில் சேர்த்ததாக அது கூறுகிறது.

இவ்விடத்தில் மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் பல. கிர்க்பாட்ரிக் வெல்லெஸ்லி பிரபுவிடம் பணியாற்றியவர், திப்புவை வெறுத்தவர். அவர் எவற்றைத் தேர்ந்தார், எவற்றை விட்டார்? சின்னஞ்சிறு மலைநாட்டில் 40,000 கைதிகள் சாத்தியமா? மூஸா நபியின் படையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்ற செய்தியை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இவ்வாறே எடைபோட்டு மறுத்தார். எனினும் எண்ணிக்கை குறைவதால் சிறைப்பிடிப்பு இல்லையென்று ஆகிவிடாது. சிருங்கேரிக் கடிதங்களையும் இதே தராசில்தான் நிறுக்கவேண்டும். அப்போது ஆங்கிலேயர், மராத்தியர், நிஜாம் ஆகிய மூவரையும் திப்பு எதிர்த்து நின்றார். அவரை எழுதத் தூண்டியது பரிவா, அரசியல் தேவையா, இரண்டுமா?

இம்முறை நமக்கு அந்நியமானதன்று. அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஹதீஸை ஏற்காத மரபு நம்முடையது. செய்தி வந்தால் தெளிவாக விசாரித்தறியுமாறு திருக்குர்ஆன் (49:6) பணிக்கிறது. நமக்கே பாதகமாயினும் நீதியின் சாட்சிகளாக நிற்கவும் (4:135) அது கட்டளையிடுகிறது. முதல் வசனத்தைப் பிறருக்கு எதிராகப் பயன்படுத்தும் நாம், இரண்டாவதை நம்மீது பயன்படுத்தத் தயங்குகிறோம்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து வந்த வரலாற்றுப் பாடநூல்கள், மூலச் சான்றுகளின் பகுதிகளை மாணவர்முன் வைத்துக் கேள்வி எழுப்பின. 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய இயல் அகற்றப்பட்டபோது நாம் வருந்தினோம், அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் நம் இல்லங்களிலும் மத்ரஸாக்களிலும் குடகுக் கடிதத்தை நாமே அகற்றிவிட்டு, அரசு அகற்றியதை எவ்வாறு தட்டிக்கேட்பது?

இருவகைக் கடிதங்களையும் கையில் கொடுத்தால் நம் பிள்ளைகள் திப்புவை வெறுத்துவிடுவார்களோ என்னும் அச்சம் வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கற்றவர், மறுபக்கத்தைப் பகைவர் வாயிலாக முதன்முதல் கேட்கும் நாளில் நிலைகுலைகிறார். அன்றுமுதல் நம் சொல்லையும் ஐயுறுகிறார். அதை முன்னரே நம்மிடம் கேட்டறிந்தவரோ, நிதானமாக விவாதிக்க அமர்கிறார்.