பழைய டிராக்டரில் ஆயில் கசிவு: 'ஹை மைலேஜ்' ஆயில் ஊற்றினால் நிற்குமா?

சேற்றுழவு தொடங்கும் சமயத்தில்தான் பழைய டிராக்டரின் ஆயில் கசிவு கண்ணில் படும். நிறுத்திய இடத்தில் தரையில் கறை, இன்ஜின் ஓரத்தில் தூசி ஒட்டிய பிசுக்கு. 'இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், ஹை மைலேஜ் ஆயில் மாற்றினால் போதும்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். சில கசிவுகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

கிராங்க் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் ஆனவை. சீலின் மெல்லிய உதடு சுழலும் ஷாஃப்டை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் ஆயில் வெளியே வருவதில்லை. பல ஆண்டு சூட்டில் ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெளியேறிவிடும். ரப்பர் கெட்டிப்பட்டுச் சற்றே சுருங்கும். உதட்டின் பிடி தளரும்.

ஹை மைலேஜ் ஆயிலில் எஸ்டர் போன்ற வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. ரப்பர் இவற்றை உறிஞ்சி, கொஞ்சம் இளகி, கொஞ்சம் உப்பும். உதடு மீண்டும் ஷாஃப்டைத் தொடும். ஊற்றிய அன்றே பலன் தெரியாது. பல மணி நேரம் ஓடிய பிறகே கசிவு குறையும். லேசாக ஈரம் கசியும் சீலுக்குத்தான் இந்தப் பலன்.

வெடித்த சீல் ஒட்டாது. ஷாஃப்டில் சீல் உதடு தேய்த்த பள்ளம் விழுந்திருந்தாலும் பயனில்லை. அங்கே புது சீலைக்கூட பழைய தடத்தில் உட்காராதபடி சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும், அல்லது ஷாஃப்டுக்கு ஸ்லீவ் போட வேண்டும். மிகப் பழைய சில இன்ஜின்களில் பின்பக்கம் ரப்பருக்குப் பதில் கயிறு சீல் இருக்கும். ரப்பரை உப்பவைக்கும் மருந்து அதற்கு எதுவும் செய்யாது.

ஆயில் வாங்கும் முன் பிரீதரைப் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பிரீதர் குழாய் அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். சுத்தம் செய்ய ஒரு துணியும் கொஞ்சம் டீசலும் போதும். பிரீதர் சரியாக இருந்தும் அதிலிருந்து புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது சீலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து, இன்ஜினைத் துடைத்துவிட்டு அரை மணி நேரம் வேலை வாங்கி, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து வழியும் ஆயில் கீழே இறங்கி, சீல் கசிவு போலவே தெரியும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள துளையில் ஆயில் சொட்டினால் தாமதிக்க வேண்டாம். அது இன்ஜின் பின் சீலாகவோ கியர்பாக்ஸ் சீலாகவோ இருக்கலாம். உலர் கிளட்ச் தட்டில் ஆயில் பட்டால் வழுக்கும். சேற்றில் டிராக்டர் இழுக்காமல் நிற்கும். எப்படியும் டிராக்டரைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதால், உழவு நெருக்கடிக்கு முன்பே மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஹை மைலேஜ் என்று விற்கும் ஆயில்களில் பல, பெட்ரோல் கார்களுக்கானவை. டீசல் டிராக்டருக்கு, கையேட்டில் சொன்ன தரமும் தடிமனும் (உதாரணமாக சிஐ-4, 15டபிள்யூ-40) டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரின் கியர்பாக்ஸில் எந்த இன்ஜின் ஆயிலையும் ஊற்றக்கூடாது. சிலர் கசிவை நிறுத்த இன்ஜின் ஆயிலோடு பிரேக் ஆயிலைக் கலக்கிறார்கள். ரப்பர் அளவுக்கு மீறி உப்பி, கூழாகிக் கிழியும். பேரிங்கும் சேர்ந்து கெடும்.

மாற்றிய பின் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கில் அளவு பார்த்து, ஹவர் மீட்டர் எண்ணோடு எழுதி வையுங்கள். 50 மணி நேர ஓட்டத்திலும் ஆயில் குறையும் வேகம் மாறவில்லை என்றால், சீலை மாற்றிவிடுங்கள்.